பன்னிரண்டு பேருக்கு மேசை

ஜனவரி 6, திங்கள்

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். ஐந்து செமஸ்டரோடு என்னுடைய மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிந்தது.

துறைத் தலைவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நந்தகுமரன், இதை நான் இப்ப மேல அனுப்பப் போறதில்ல. பிப்ரவரி பதினாலு வரைக்கும் இந்த டிராயர்லயே கிடக்கும். புத்தி வந்தா வா, கிழிச்சுப் போட்டுட்டு கிளாஸ்ல உக்காரு. பதினாலு தாண்டுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாவம், நல்ல மனிதர். வேறு வேலை பார்த்திருக்கலாம்.

என்னோடு படிக்கும் பிரகதீஷும் இன்றே கொடுத்திருக்க வேண்டியது. அவன் அப்பா கையெழுத்துப் போட இன்றுதான் திருப்பூரிலிருந்து வருகிறார், அதனால் நாளை கொடுக்கிறான். இரண்டு கடிதத்தையும் கேன்டீனில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன், ஒரே பேனாவில். பெயரும் ரோல் நம்பரும் மட்டும்தான் வேறு.

இனி எங்கள் 'கை நனைச்சாச்சு' வீடியோ பக்கத்துக்கு முழுநேர ஆட்கள் இரண்டு பேர். கோவையில் எந்தக் கடையில் எதைச் சாப்பிடலாம், எதைப் பார்த்தால் ஓடலாம் என்று அவன் பேசுவான். என்ன பேசுவது என்று நான் எழுதுவேன், படம் எடுப்பேன், வெட்டி ஒட்டுவேன். இப்போது பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒரு வருடத்தில் லட்சம் என்று பேச்சு.

அவன் போட்ட விதி ஒன்றே ஒன்று. ஆறு மாதத்துக்கு கிளாஸ் ஆட்கள் யாருடனும் பேச்சு கிடையாது. "மனசக் கலைச்சு விட்ருவானுங்க நந்து." சரிதான். வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினேன். போகும்போது ஒரு வாத்து பொம்மையைப் போட்டுவிட்டு வந்தேன். ஏன் வாத்து என்று தெரியவில்லை.

ஜனவரி 8

பிரகதீஷ் கொடுத்துவிட்டானாம். "அந்தாளு ஒண்ணுமே சொல்லலடா. வாங்கி வெச்சுட்டாரு" என்றான். டிராயர், பதினாலு, எதுவும் இல்லையாம். எனக்கு மட்டும் எதற்கு அவ்வளவு பிரசங்கம்? அவன் நன்றாகப் படிக்கிறவன், அவன் போவதில் அவருக்கு வருத்தம், அதனால் வாயடைத்துப் போயிருப்பார்.

ஜனவரி 10

பகலில் அவன் கிடைக்க மாட்டான். கணபதியில் அவன் பெரியப்பாவின் பம்ப் கம்பெனியில் ஐந்து மணி வரை வேலை. வீட்டில் போட்ட நிபந்தனையாம். உள்ளே போன் எடுக்கக் கூடாது. சாயங்காலமும் ஞாயிறும்தான் நம் வேலை.

என் வீட்டில் நிபந்தனை எதுவும் இல்லை. அப்பா கிரைண்டர் கம்பெனியில் ஃபிட்டர். கடிதத்தில் "உன்ற இஷ்டம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர், அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா பேசுகிறாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஜனவரி 19, ஞாயிறு

லெவீ ஹவுஸ். ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாகத் திறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வாசலில் 'கேஜன் மற்றும் க்ரியோல் உணவகம்' என்று பலகை. உள்ளே வந்த முதல் குடும்பம் தோசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வெளியே போனது.

கடைக்காரர் ஜெரால்டு அண்ணா, போத்தனூர்க்காரர். பதினொரு வருடம் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரில் ஹோட்டல் அடுப்படியில் இருந்தவர். கேஜன் என்றால் என்ன, க்ரியோல் என்றால் என்ன என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே பக்கத்து சமையல்தான் தம்பி. கேஜன் காட்டுக்காரன் சமையல், க்ரியோல் டவுன்காரன் சமையல். அன்னூர்ல வெக்கற கொழம்புக்கும் ஆர்.எஸ்.புரத்துல வெக்கற கொழம்புக்கும் இருக்கற வித்தியாசம்னு வெச்சுக்கங்க" என்றார். வீடியோவின் முதல் வரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

கம்போ என்று ஒரு குழம்பு. மைதாவை எண்ணெயில் போட்டு, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை முக்கால் மணி நேரம் கை எடுக்காமல் கிண்டுகிறார். நான் அடுப்படியில் நின்று எடுத்தேன். ஒரு நொடி அசந்தால் கருகிவிடும், மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். அதில் வெங்காயம், குடைமிளகாய், கோழி, இறால், கடைசியில் வெண்டைக்காய். நடுவில் கொஞ்சம் சோறு. வாயில் வைத்ததும் புகை வாசம், பிறகு கொழகொழப்பு, பிறகுதான் காரம், அதுவும் தொண்டைக்குப் போன பிறகு.

பிரகதீஷ் கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "மக்களே, நம்ம வெண்டைக்காப் புளிக்கொழம்பு வெளிநாடு போய்ட்டு வந்திருக்குங்க. புளிய மட்டும் கஸ்டம்ஸ்ல புடுங்கி வெச்சுட்டாங்க." ஜெரால்டு அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வரி நான் எழுதியது.

அவன் பையைத் திறந்து மைக் எடுத்தபோது உள்ளே லேப் ரெக்கார்டு நோட்டு இருந்தது. பெரியப்பா பையனுக்குப் படம் வரைந்து கொடுக்கிறானாம். இவனுக்கு எல்லாரும் வேலை வைக்கிறார்கள். இளகிய மனசு.

ஜனவரி 27

கம்போ வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் பதினெட்டாயிரம் ஆகிவிட்டார்கள். ஜெரால்டு அண்ணா போன் செய்து, "தம்பி, சனி ஞாயிறு மேசை கிடைக்க மாட்டீங்குது. உங்காளுக யார் வந்தாலும் உங்க பேரச் சொன்னா போதும்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு மார்க்கு ஷீட்டு தருவாங்களா?" என்றாள்.

பிப்ரவரி 5

பிரகதீஷுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். திங்கள், செவ்வாய், புதன். இன்று சாயங்காலம் சரியாகிவிட்டது.

அவன் இல்லாததால் மதியம் லெவீ ஹவுஸுக்கு நான் மட்டும் போனேன். பரிமாறுகிறவர் தண்ணீர் வைத்துவிட்டு, "தனியாவாங்ணா?" என்றார். "ஆமா" என்றேன். "இன்னொருத்தர் வருவாருங்களா?" "வர மாட்டாரு." எதிர் நாற்காலியை எடுத்துப் பக்கத்து மேசைக்குப் போட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

ஜம்பலாயா. குஸ்காவுக்கும் தக்காளிச் சாதத்துக்கும் கல்யாணம் செய்துவைத்து, சீதனமாகத் தொத்திறைச்சி கொடுத்த மாதிரி இருந்தது. இந்த வரியை எழுதி வைத்தேன். சொல்ல ஆள் இல்லை.

சாப்பிடும்போது இன்று கிளாஸில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். ஆறாவது செமஸ்டரில் வெப்பப் பரிமாற்றம் என்று ஒரு பாடம். அது எனக்குப் பிடித்திருக்கும்.

பிப்ரவரி 7

துறைத் தலைவர் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். "பதினாலாந்தேதி கடைசியாம். மருத்துவச் சான்று குடுத்தா வருகைப் பதிவ சரி பண்ணிக்கலாங்கறாரு."

"இல்லீங்ப்பா. நாங்க ரெண்டு பேரும் சேந்து விட்டது. நா மட்டும் போனா அவன நடுரோட்டுல விட்ட மாதிரி."

"அவனையுங் கூட்டிட்டுப் போ."

அவருக்கு இதெல்லாம் புரியாது.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதவே கூசுகிறது. இன்று காலை காலேஜ் வாசல் வரை போனேன். பையில் ஒரு நோட்டு வேறு. வாட்ச்மேன், "என்ன தம்பி, ரொம்ப நாளா ஆளக் காணோம்?" என்றார். பஸ்கள் வரிசையாக உள்ளே போயின. எங்கள் பஸ்ஸும் போனது. நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிரகதீஷ் அந்த நேரத்தில் பம்ப் கம்பெனியில் அட்டைப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். எனக்காகப் படிப்பை விட்டவன். திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11

அவனிடம் சொல்லிவிட்டேன். காந்திபுரம் டீக்கடையில் வைத்து. மறைத்தால் சோறு இறங்காது.

"நேத்து காலேஜ் வாசல் வரைக்கும் போய்ட்டேன்டா. திரும்பிச் சேந்தர்லாம்னு. உங்கிட்டச் சொல்லாம."

அவன் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உள்ள போனியா?"

"இல்ல."

"யாரையாச்சும் பாத்தியா?"

"வாட்ச்மேன மட்டுந்தான். மன்னிச்சுக்கடா. தப்புத்தான்."

மீதி டீயைக் குடித்து முடித்தான். பிறகு என் தோளில் கை போட்டான். "விட்றா. மனுசன்தானே. ஆனா இப்பப் போய் விட்டுட்டுப் போயிராத நந்து, பேஜ் இப்பத்தான் ஏறுது."

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். என்னவொரு மனசு. நானாக இருந்தால் இரண்டு நாள் பேசியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 13

சாயங்காலம் வந்தபோது பிரகதீஷ் முழுச் சவரம், வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. பம்ப் கம்பெனியில் ஆடிட்டாம். நன்றாக முடிந்ததாம். அவ்வளவு சந்தோஷமாக ஆடிட்டை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 14

எங்கும் போகவில்லை. ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடியிருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

ஜெரால்டு அண்ணா போன் செய்தார். "தம்பி, உங்க ஃப்ரெண்டு சனிக்கெழம மத்தியானம் பன்னெண்டு பேருக்கு மேச சொல்லியிருக்காரு. 'கை நனைச்சாச்சு' பேர்ல. ஸீஃபுட் பாயில் வேணுங்கறாரு, கேக்கும் உண்டாம். நண்டு எவ்வளவு சொல்லட்டும்?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. ஞாயிறு என் பிறந்தநாள்.

பதினொன்றாம் தேதி நான் அப்படிச் சொன்ன பிறகும்கூட எனக்காக இதைச் செய்கிறான். "அண்ணா, நீங்க சொன்னதா அவங்கிட்டக் காட்டிக்காதீங்க" என்றேன். "நண்டு நெறைய சொல்லுங்க."

யார் அந்தப் பன்னிரண்டு? நான், அவன், என் மாமா பையன்கள் மூன்று பேர். அப்பாவைக் கூப்பிட்டிருப்பானா? மீதிக் கணக்கு இடிக்கிறது.

பிப்ரவரி 21

இன்று அவனிடம், "நாளைக்கு என்ன பிளான்?" என்று சும்மா கேட்டேன். "சொந்தத்துல ஒரு காதுகுத்து" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல நடிகன். திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

அம்மா இஸ்திரி போட்டுத் தந்த வெளிர் நீலச் சட்டை. ஒரு மணிக்கு மேசை. நான் ஒன்று இருபதுக்குப் போனேன், எல்லாரும் உட்கார்ந்திருக்கட்டும் என்று.

ஜெரால்டு அண்ணா வாசலிலேயே, "வாங்க தம்பி, உங்காளுக எல்லாம் வந்தாச்சு" என்றார்.

உள்ளே நீள மேசை. அமெரிக்காவில் செய்தித்தாள் விரிப்பார்களாம், இவர் தலைவாழை இலைகளை வரிசையாக விரித்திருந்தார். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு தலை. எல்லாம் கிளாஸ் ஆட்கள். மாமா பையன் ஒருத்தன்கூட இல்லை. எனக்காக அந்த ஆறு மாத விதியையே உடைத்துவிட்டானே என்று நெகிழ்ந்து போனேன். பிரகதீஷ் வாசலுக்கு முதுகைக் காட்டி நடுவில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றேன், கத்துவார்கள் என்று.

யாரும் கத்தவில்லை. அக்‌ஷிதாதான் முதலில் பார்த்தாள். "டேய், நந்து!" என்றாள், நிஜமாகவே ஆச்சரியமாக. இவளும் நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"என்னங்கடா, பொறந்தநாளு நாளைக்குத்தான? இன்னைக்கே ஆரம்பிச்சுட்டீங்க?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள்.

பிரகதீஷ் எழுந்தான். கையில் பிளாஸ்டிக் உறை, கழுத்தில் சிவப்பு நண்டுப் படம் போட்ட துணி. கேக்கில் வெள்ளை க்ரீமில் 'வாழ்த்துகள் பிரகதீஷ்' என்று இருந்தது. நான் ஜெரால்டு அண்ணாவைப் பார்த்து, "அண்ணா, பேக்கரிக்காரன் பேர மாத்திட்டானே" என்றேன்.

எல்லாரும் கேக்கைப் பார்த்தார்கள். சூரியதேவ்தான் வாயைத் திறந்தான். "ப்ளேஸ்மென்ட் ட்ரீட்டுடா இது. கிளாஸ்லயே மொதல் ஆஃபர் இவனுக்குத்தான். பெங்களூர்ல விளம்பரக் கம்பெனி. போன வாரம் பதிமூணாந்தேதி இன்டர்வியூ."

"எந்த கிளாஸ்ல?" என்று கேட்டேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். பரிமாறுகிறவர் பதின்மூன்றாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையின் முனையில் போட்டார். உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இலை எட்டவில்லை, தட்டு கொடுத்தார்கள்.

"இன்டர்வியூல முக்காவாசி உங்க பேஜப் பத்தித்தான் கேட்டாங்களாம்" என்றான் சூரியதேவ். "நீதான் கேமரான்னு சொன்னான். நல்ல ஹாபிடா, விட்ராத."

"ஏண்டா, நீ ஏன் பதினாலுக்குள்ள வரல?" என்றாள் அக்‌ஷிதா. "சார் தினமும் உன்ற பேர அட்டெண்டன்ஸ்ல கூப்பிட்டுட்டே இருந்தாரு, தெரியுமா? நீ க்ரூப்லயும் இல்ல, போனும் எடுக்கல. இவங்கிட்டத்தான எல்லாருஞ் சொல்லி விட்டோம்."

நான் பிரகதீஷைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த உறையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நாஞ் சொன்னேன். அவந்தான் வரமாட்டேன்னுட்டான்" என்றான்.

அப்போது இரண்டு பேர் பெரிய அண்டாவைத் தூக்கி வந்து இலைமேல் கவிழ்த்தார்கள். நண்டு, இறால், உருளைக்கிழங்கு, சோளம், எல்லாம் சிவந்து, ஆவி பறக்க மேசை முழுவதும் உருண்டது. எல்லாரும் கத்தினார்கள்.

நான் சாப்பிட்டேன். எழுந்து போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நண்டுக் காலைக் கடித்து உடைத்தேன், பக்கத்தில் இருந்தவனுக்கு இறால் தலையை எப்படித் திருகுவது என்று காட்டிக் கொடுத்தேன். வெண்ணெய், பூண்டு, எலுமிச்சை, பிறகு அந்த மிளகாய்த்தூள். அது கேயன் மிளகாய், ரொம்பக் காரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்‌ஷிதா தண்ணீர் டம்ளரைத் தள்ளினாள். "காரம்" என்றேன். "தெரியுது" என்றாள்.

முடியும்போது ஜெரால்டு அண்ணா வந்து, "வீடியோ எடுக்கலீங்களா தம்பி?" என்றார். விவரம் தெரியாதவர். நான் நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்தேன். பன்னிரண்டு தலைகளும் நன்றாக விழுந்தன. பிரகதீஷிடம் கேக்கை இரண்டு முறை வெட்டச் சொன்னேன். முதல் முறை வெளிச்சம் சரியில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பிறந்தநாள். இருபத்தொன்று. அம்மா பாயசம் வைத்தாள். பிரகதீஷ் ஏழு முறை கூப்பிட்டான்.

பிப்ரவரி 24

கேக் வெட்டிய வீடியோவை வெட்டி ஒட்டி அவனுக்கு அனுப்பினேன். பழக்கம். நல்ல வீடியோ.

பிப்ரவரி 26, புதன்

சாயங்காலம் பிரகதீஷ் வீட்டுக்கு வந்தான். என் அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"எங்கப்பா லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டாருடா. மறுநாளே சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நீ மூணு வீடியோவுக்கு எழுதி வெச்சுட்டு அவ்வளவு சந்தோசமா நின்ன."

"செரி. பதினொண்ணாந்தேதி?"

விரிப்பின் நுனியை மடித்தான்.

"பதினொண்ணாந்தேதி நா உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன் பிரகதீஷ். அப்ப மூணு நாள் இருந்துச்சு."

"ரெண்டு நாள்ல எனக்கு இன்டர்வியூ. நீ காலேஜுக்கு வந்துட்டா பேஜ் நின்னுரும். ரெண்டே நாள்தான்னு நெனச்சேன். அதுக்கப்பறம்..." என்றான். "அதுக்கப்பறம் சொல்றதுக்குப் பயமாயிருச்சு."

"பதினாலாந்தேதி பயமாயிருச்சு."

"ஆமா."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதிரில் இருந்த நாற்காலியை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அதற்குள் அம்மா, "ரெண்டு பேரும் வாங்க சாமி, தோச சூடாறுது" என்று கூப்பிட்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் வேண்டாம் என்றான். "வீட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போவாங்களா?" என்று தட்டைப் போட்டுவிட்டாள். அவன் சாப்பிட்டான். அம்மா அவன் கையைப் பார்த்தாள்.

"பம்ப் கம்பெனில வேல கஷ்டமா கண்ணு? இளைச்சுட்ட. நீங்க ரெண்டு பேரும் இப்படி ஒரு வருசத்த வீணாக்கிட்டீங்களேன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது. இவனுக்காச்சும் நாங்க இருக்கோம். உன்ற அம்மா என்ன பாடு படறாங்களோ."

அவன் என்னைப் பார்த்தான். கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீயே சொல்லு" என்றேன்.

சொன்னான். தலையைத் தூக்காமல், தோசையைப் பிய்த்துக்கொண்டே, ஒன்றுவிடாமல் சொன்னான். அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா கரண்டியோடு நின்று கேட்டாள். கல்லில் ஒரு தோசை கருகியது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, இன்னொன்று ஊற்றி, எண்ணெய் விட்டு, முறுகலாக எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "சாப்புடு" என்றாள். கண்ணு இல்லை, சாமி இல்லை.

அவன் அதையும் சாப்பிட்டான். கை கழுவினான். ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "போய்ட்டு வர்றனுங்ம்மா" என்றான். வழக்கமாக அம்மா வெளியே வந்து, தெரு திரும்பும் வரை நிற்பாள். அவன் காத்திருந்தான். மறுபடி, "வர்றனுங்ம்மா" என்றான்.

அம்மா மிக்ஸியைப் போட்டாள். அதற்குள் ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

மார்ச் 3, திங்கள்

அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். காலேஜ் ஆபீஸ். அடுத்த ஜனவரியில்தான் ஆறாவது செமஸ்டர், ஜூனியர் பையன்களோடு. துறைத் தலைவர் டிராயரைத் திறந்து காட்டினார். காலி. அனுப்பிவிட்டார். "தினமும் கூப்பிட்டேன்பா உன்னை" என்றார். தெரியும் என்றேன்.

மறுசேர்க்கைப் படிவம் நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தில், படிப்பை இடையில் நிறுத்தியதற்கான காரணம், அதற்கான சான்றை இணைக்கவும் என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'நண்பனை நம்பினேன்' என்று எழுதினேன்.

அப்பா வாங்கிப் படித்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். பக்கத்து ஜன்னலில் போய் இன்னொரு படிவம் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்கெல்லாம் எந்த டாக்டருடா சர்ட்டிபிகேட் குடுப்பாரு? மஞ்சக்காமாலைன்னு எழுது."

எழுதினேன்.